பன்னிரண்டாவது பெயர்

ஒரு ரேடியோவுக்கு அரை நிமிஷம். அதற்கு மேல் செல்வமேரி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம்.

இடது பக்கப் பலகையில் வந்து நிற்கும் செட்டை எடுப்பாள். பின்மூடியைத் திறந்து பேட்டரிக் கம்பியை மாட்டி, முள்ளைச் சென்னை நிலையத்துக்குத் திருப்புவாள். சத்தத்தை ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்குவாள். பிறகு விரல் முட்டியால் செட்டின் முதுகில் நாலு தட்டு. உள்ளே ஈயம் பற்றவைத்த இடம் ஏதாவது விட்டிருந்தால் அந்தத் தட்டிலேயே கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல செட்டுக்கு அடியில் பச்சைத் தாள், கெட்டதற்குச் சிவப்பு. ஒட்டி வலது பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கப் பத்து விநாடி ஆகும். ஒரு நாளைக்கு அறுநூறு செட்டாவது அவள் கையைத் தாண்டிப் போகும்.

தண்டலத்தில், பெங்களூர் சாலையை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. வரிசை வரிசையாக உட்கார்ந்து பற்றவைக்கும் பெண்கள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஈயப் புகை, விசிறிக் காற்று, வெளியே லாரி. அங்கே ரேடியோ செய்தவர்கள் அத்தனை பேர் இருந்தாலும் ரேடியோ கேட்டவள் செல்வமேரி ஒருத்திதான். மற்றவர்கள் கையில் இருந்ததெல்லாம் வாய் திறக்காத செட்டுகள்.

அவள் காது கம்பெனியில் பேர்போன காது. சூப்பர்வைசர் கோதண்டம் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். "பாட்டு வெச்சிப் பாத்தா எல்லா செட்டும் நல்லாத்தான் பாடும். மேளமும் ஆர்மோனியமும் எந்த ஓட்டையையும் மூடிப்புடும். பேச்சுல வெச்சிப் பாரு, அப்பதான் சாயம் வெளுக்கும். இந்தப் பொண்ணு பேச்சுலதான் பாக்கும்."

அதனால் மற்றவர்களுக்குக் கொட்டாவி வரவழைக்கும் பேச்சு நிகழ்ச்சிகள்தான் செல்வமேரிக்கு வேலைக்கான கருவி. அதிலும் புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வரும் 'எழுதியவரோடு அரைமணி'. புத்தகம் எழுதியவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு அம்மாள் நிதானமான குரலில் கேள்வி கேட்பார். வந்தவர் பதில் சொல்லுவார். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக அவள் அதைக் கேட்டுவந்தாள், அரை நிமிஷம் அரை நிமிஷமாக. பல்லவர் காலத்து ஏரிகளைப் பற்றி எழுதிய ஒருவர் ஒரு நாள் வந்தார். இன்ன ஏரிக்குக் கரை போட்டது யார் என்று அவர் சொல்ல வாயெடுத்த நேரத்தில் அரை நிமிஷம் முடிந்தது. அடுத்த செட்டை மாட்டுவதற்குள் அவர் பேச்சு உபரித் தண்ணீரோடு கலங்கல் வழியாக வெளியேறிவிட்டது. கரை போட்டது யார் என்பது செல்வமேரிக்கு இன்றுவரை தெரியாது. கூழைக்கடாப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரியும், எங்கே திரும்பிப் போகின்றன என்பது தெரியாது. ஒரு புத்தகத்தைக்கூட அவள் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் நாற்பது ஐம்பது புத்தகங்களைப் பற்றிப் பாதிப் பாதி அறிந்திருந்தாள்.

பிள்ளைப்பாக்கத்தில் வீட்டுக்குப் போனதும் கேட்டதையெல்லாம் புருஷன் மைக்கேல்ராஜிடம் சொல்லுவாள். அவன் கொத்து வேலைக்குப் போய்வந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பான்.

"அப்பால இன்னா ஆச்சி?" என்பான்.

"செட்டு மாத்திட்டேன்."

அது அந்த வீட்டில் நிரந்தரக் கேலியாகிவிட்டது. மூன்று வயது மகள் லூர்தம்மாள்கூடப் பாதிச் சோற்றில் எழுந்து ஓடும்போது "செட்டு மாத்திட்டேன்" என்று கத்திக்கொண்டே ஓடும். மைக்கேல்ராஜின் அம்மா பெயரைக் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். இத்தனூண்டு உடம்புக்கு அவ்வளவு பெரிய பெயரா என்று தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள்.

எண்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை. அன்று வந்தவர் தொழிலாளர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் சாலை ஓரத்துக் கிராமங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியிருந்தார். ஏரிப் பாசனம் எப்படி இருந்தது, நிலம் எப்படிக் கைமாறியது, நாற்று நட்ட பெண்கள் கம்பெனிக்கு எப்படி வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போனார். செல்வமேரி செட்டு செட்டாகப் பச்சைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நம் ஊர்க் கதையைத்தான் சொல்கிறார் என்று தோன்றியதும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ரெண்டு வருஷத்துக்குள்ள நானூத்தி எண்பது நாள் வேலை பார்த்திருந்தா அவங்க நிரந்தரத் தொழிலாளிதாங்க. சட்டமே இருக்கு. முதலாளி மனசு வெச்சுக் குடுக்கிறதில்ல. ஆனா அந்த நாள் நெருங்கும்போது கம்பெனியில என்ன செய்யறாங்கன்னா..."

அரை நிமிஷம். கோதண்டம் வேறு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். செல்வமேரி செட்டை மாற்றினாள். அடுத்தது வாயே திறக்கவில்லை. சிவப்புத் தாளை ஒட்டித் தள்ளிவிட்டு அதற்கடுத்ததை மாட்டியபோது, "இவ்வளவுதாங்க. இதை மட்டும் செஞ்சாப் போதும்" என்று அவர் முடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நன்றி சொன்னார். வயலின் வாசித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் கொட்டகை நிழலில் சரோஜாவிடம் சொன்னாள். சரோஜா பற்றவைக்கும் வரிசைக்காரி, குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"நானூத்தி எம்பதா?" சரோஜா சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். "அதாண்டி மேரி, நமக்கு மின்ன சேந்தாங்களே, அவங்கள எல்லாம் ஒரு மாசம் வூட்ல இருன்னு அனுப்சாங்க. அப்பால கூப்ட்டு வேற நம்பர் டோக்கன் குடுத்தாங்க. ஆர்டர் இல்லன்னாங்க. நாம நம்பிகினு இருந்தோம்."

"அப்ப அவங்களுக்கு மறுபடியும் மொதல்லேந்து நாள் எண்ணணும்."

"நமக்கு எவ்ளோ ஆச்சி?"

செல்வமேரி சம்பளச் சீட்டுகளையெல்லாம் வேதாகமத்துக்குள் வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் அவற்றை எடுத்து மாதா படத்துக்குக் கீழே பரப்பிக் கூட்டினாள். நானூற்று அறுபத்து மூன்று நாள். இன்னும் பதினேழு நாள் தொடர்ந்து வேலைக்குப் போய்விட்டால் போதும். யாரும் காரணமில்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு கேட்கலாம். கூட்டியதை இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள். இத்தனை பெரிய காரியம் இத்தனை கிட்டத்தில் வந்து நிற்பது தெரியாமலே போயிருக்குமே என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

ஆனால் அந்த நடுப்பகுதி? நாள் நெருங்கும்போது கம்பெனியில் என்ன செய்வார்கள், நாம் எதை மட்டும் செய்தால் போதும்? யாரைக் கேட்பது? கோதண்டத்தைக் கேட்க முடியாது. மைக்கேல்ராஜுக்குத் தெரியாது.

"ரேடியோக்காரங்களையே கேட்டுட்டா?" என்றாள் சரோஜா மறுநாள் காலையில்.

சாப்பாட்டு நேரத்துக்குள் அவளே ஒரு தபால் கார்டு வாங்கிவந்துவிட்டாள். செல்வமேரி எழுதினாள். தண்டலம் ரேடியோ கம்பெனியில் வேலை செய்யும் நாங்கள் உங்கள் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கிறோம். சென்ற புதன்கிழமை பேசியவர் நானூற்று எண்பது நாள் பற்றிச் சொன்னார். எங்களுக்கும் அது நெருங்குகிறது. செட்டு மாற்றும்போது நடுவில் சொன்னது கேட்காமல் போய்விட்டது. நாங்கள் செய்ய வேண்டியது என்ன என்பதை அவரிடம் கேட்டு மறுபடியும் சொல்லச் சொல்லவும். இப்படிக்கு, செல்வமேரி.

"இன்னாடி ஒன் பேரு மட்டும் போட்டு நிறுத்திட்ட?" சரோஜா கார்டை எட்டிப் பார்த்தாள். "என் பேரப் போடு."

அதில் செல்வமேரிக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. ரேடியோவுக்குக் கார்டு எழுதுவதென்றால் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு பாட்டுக் கேட்டு எழுதினாலும் பக்கத்து வீடு, எதிர் வீடு, சித்தி பிள்ளைகள் என்று எல்லோர் பெயரும் அதில் இருக்கும். பாட்டு வராவிட்டாலும் போகிறது, பெயர் வரவேண்டும். முனியம்மாள் வந்தாள், கங்கம்மாள் வந்தாள், சுந்தராம்பாள் கை கழுவாமலே ஓடிவந்தாள். ஒன்றாகச் சேர்ந்தவர்களில் அன்று வேலைக்கு வந்திருந்த பதினொரு பேரும் தங்கள் பெயரைச் சொன்னார்கள். சூசையம்மாள் மட்டும் அன்று லீவு.

"எம் பேரு ரேடியோல வந்ததேயில்ல, நல்லா கொட்ட எழுத்தா எழுதும்மே" என்றாள் முனியம்மாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயர் இருக்கும் இடத்தைக் கேட்டு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பதினொரு பெயர் எழுதியும் கார்டில் ஒரு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. செல்வமேரி கொஞ்சம் யோசித்தாள். ஆசை யாரை விட்டது? பன்னிரண்டாவதாக லூர்தம்மாள் என்று எழுதினாள்.

அடுத்த புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை பன்னிரண்டரைக்கு அந்த அம்மாள், "இன்று நேயர்களின் கடிதங்களுக்குப் பதில் சொல்ல, முன்பு வந்தவரையே மறுபடியும் அழைத்திருக்கிறோம்" என்றார். வேறு இரண்டு கடிதங்களுக்குப் பிறகு, "தண்டலத்திலிருந்து" என்று ஆரம்பித்தார்.

செல்வமேரிக்குக் கை நின்றுவிட்டது. அரை நிமிஷம் போனது, ஒரு நிமிஷம் போனது. அவள் செட்டை மாற்றவில்லை. சத்தத்தைக் கடைசிவரை திருப்பினாள். அந்த அம்மாள் அவள் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். செட்டு மாற்றும் கதையை வாசித்தபோது அவர் சிரித்தது கேட்டது. பிறகு பெயர்கள். செல்வமேரி, சரோஜா, முனியம்மாள், கங்கம்மாள், சுந்தராம்பாள் என்று நிறுத்தி நிறுத்தி மரியாதையோடு வாசித்தார். பற்றவைக்கும் வரிசையிலிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். தன் பெயர் வந்ததும் முனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மற்றும் லூர்தம்மாள்" என்று அந்த அம்மாள் முடித்தபோது செல்வமேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் எப்போது வரும், போய்ப் பிள்ளையிடம் எப்போது சொல்வோம் என்றிருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் அறையிலும் ஒரு செட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிச் செய்திக்காக எப்போதும் முன்கூட்டியே போட்டுவைப்பார்கள். மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கிளார்க் நடேசன் ஒரு தாளில் மளமளவென்று ஏதோ எழுதினார். நம் பெயரெல்லாம் ரேடியோவில் வருகிறதே என்று அவரும் குறித்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று செல்வமேரி நினைத்தாள். அவரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தாள்.

"ரொம்ப நல்ல கேள்வி" என்று அந்த மனிதர் பேச ஆரம்பித்தார். "அம்மா, நீங்க மூணு காரியம் செய்யணும். ஒண்ணு, வேலைக்குப் போன தேதியெல்லாம் நீங்களே ஒரு நோட்டுல எழுதி வைங்க. ரெண்டு, எந்தக் காகிதத்துலயும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. மூணாவது, இதுதான் ரொம்ப முக்கியம்..."

செட்டு செத்துப்போனது. கோதண்டம் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"எல்லாரும் போய் எடத்துல ஒக்காருங்க" என்றார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. மேனேஜர் அறையைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக நின்றார்.

சாப்பாட்டு நேரத்தில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஒருத்தி பெயரை இன்னொருத்தி அந்த அம்மாள் குரலில் சொல்லிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழுதவள் சூசையம்மாள் ஒருத்திதான். "ஒரு நா லீவு போட்டதுக்கு என்ன மட்டும் வுட்டுட்டியே மேரி. எடம் இருந்துச்சில்ல? ஒன் பொண்ணு பேரு போட்டியே, எம் பேரு போடத் தோணலியா?" செல்வமேரிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அடுத்த கார்டில் முதல் பெயர் உன்னுடையதுதான் என்று சமாதானம் செய்தாள்.

சனிக்கிழமை, நானூற்று எண்பதுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கையில், சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தபோது கம்பெனி கேட்டுப் பக்கத்தில் கூட்டமாக இருந்தது. வாட்ச்மேன் நாகப்பன் அவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலகையில் டைப் அடித்த தாள் ஒட்டியிருந்தது. சரோஜா உரக்கப் படித்தாள். ஆர்டர் குறைவு காரணமாகக் கீழ்க்கண்ட பன்னிரண்டு பேரும் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரத் தேவையில்லை. வரும் புதன்கிழமை நேரில் வந்து கணக்கு முடித்துக்கொள்ளவும்.

"செல்வமேரி, சரோஜா, முனியம்மாள், கங்கம்மாள், சுந்தராம்பாள்..." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. சட்டென்று நிறுத்தினாள். "பன்னெண்டு பேரா? நாம பதினோரு பேருதான?"

செல்வமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தாளில் விரலை வைத்து வரி வரியாக இறக்கினாள். அந்த அம்மாள் வாசித்த அதே வரிசை. கடைசியில், பன்னிரண்டு என்று எண் போட்டு, லூர்தம்மாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விரல் மறுபடியும் முதல் பெயருக்குப் போனது. என் கையாலே எழுதிக் கொடுத்தேனே என்பதைத் தவிர வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. அவர்களோடு ஒன்றாகச் சேர்ந்த சூசையம்மாளின் பெயர் அந்தத் தாளில் இல்லை.

கோதண்டம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். போய்விடலாம் என்று பார்த்தார், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"இன்னாத்துக்குமா ரேடியோக்கு எழுதுன? மின்ன சேந்தவங்கள மாதிரி ஒங்களையும் ஒரு மாசம் அனுப்சிட்டுக் கூப்ட்டிருப்பாங்க. இனிமே கூப்டுவாங்களா?"

"நான் தப்பா இன்னா சார் கேட்டேன்?" என்றாள் செல்வமேரி. "அவரு சட்டம்னு சொன்னாரு. எனக்கு நடுவுல கேக்கல. கேக்காதத கேட்டேன்."

கோதண்டம் சைக்கிள் மணியை விரலால் துடைத்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கே எல்லோரும் வந்து சம்பள ஜன்னலுக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்தார்கள். செல்வமேரி குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வழக்கமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் குன்றத்தூருக்குப் போயிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல்தான் ஜன்னல் திறந்தது. கம்பிக்கு உள்ளே நடேசன் பெரிய ரிஜிஸ்டரை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் கவர்கள், மை டப்பா.

"ஒவ்வொருத்தரா வாங்க. கையெழுத்துப் போட்டுட்டுக் கவரை வாங்கிக்கோங்க."

"படிச்சிட்டுப் போடறோம் சார்" என்றாள் செல்வமேரி.

நடேசன் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். அவள் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். "நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்கு வரவேண்டியது முழுவதும் வந்துவிட்டது. இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்."

"சொந்த விருப்பமா?" என்றாள் கங்கம்மாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. சரோஜா செல்வமேரியின் காதோரம் குனிந்தாள். "படிக்காம போடாதன்னாரு. படிச்சாச்சி. படிச்சிட்டு இன்னா பண்றதுன்னு சொல்லலியாடி?"

"சொல்ல வந்தாரு. அதுக்குள்ளதான் கம்பியப் புடுங்கிட்டாங்க."

முனியம்மாள்தான் முதலில் எழுந்தாள். அவள் புருஷன் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "நா போடறேம்மா. நேத்தே மருந்து வாங்கினு போயிருக்கணும். கோச்சிக்காத மேரி" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை மையில் வைத்தாள். அதற்குப் பிறகு ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போனார்கள். செல்வமேரி யாரையும் தடுக்கவில்லை. தடுத்துவிட்டு எதைக் கொடுப்பது? பதினோராவதாக அவளும் போய்ப் போட்டாள்.

நடேசன் கவரை எடுக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். ஜன்னல் பக்கமாக முகத்தைக் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் ஒரு கையெழுத்து வேணும்மா."

"யாரு?"

"லூர்தம்மாள்."

குழந்தை தன் பெயரைக் கேட்டதும் அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அது எம் பொண்ணு சார். இதுதான் சார். மூணு வயசு."

"எனக்குத் தெரியாதாம்மா?" நடேசன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "ஆஜர் ரிஜிஸ்டர்ல அப்பிடி ஒரு பேரே இல்ல. மேனேஜர் எழுதுன்னாரு, ரேடியோல சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். சரிபாக்க விடல. அன்னைக்கே டைப் அடிச்சு மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்பிட்டாரு. அங்கேந்து பன்னெண்டு பேருன்னு பாஸாயி வந்திருக்கு. இப்ப ஒண்ணு தப்புன்னு எழுதுனா, லிஸ்ட் எங்கேந்து எடுத்தீங்கன்னு கேப்பாங்க. பன்னெண்டும் இருந்தாத்தான் கவரைத் தரணும்னு சொல்லிட்டு அவர் ஊருக்குப் போயிட்டாரு. நான் என்ன செய்ய?"

முனியம்மாள் மைவிரலை முந்தானையில் துடைத்தபடி நின்றாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் செல்வமேரிக்குத் தாங்கவில்லை.

"வுடுடி, நான் கிறுக்கிட்டு வரேன். யாரு பாக்கப் போறாங்க?" என்று சரோஜா எழுந்தாள்.

"ஆமாம்மா, யாராச்சும் ஒருத்தர் போட்டுடுங்க. எனக்கு ஒரு அடையாளம் இருந்தாப் போதும்" என்றார் நடேசன்.

"வாணாம்" என்றாள் செல்வமேரி. "அவ பேருக்கு அவதான் போடணும்."

குழந்தையை இடுப்பிலிருந்து தூக்கி ஜன்னல் கட்டையில் உட்காரவைத்தாள். நடேசன் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் பார்வையை விலக்கிக்கொண்டு மை டப்பாவைக் கம்பிக்கு அடியில் தள்ளினார்.

"நாளைக்கி யாராச்சும் வந்து கேட்டா, இந்தக் கை யாருதுன்னு நீங்கதான் சார் சொல்லணும்" என்றாள்.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. மணி பன்னிரண்டரை. பரிசோதனைப் பலகையில் இப்போது சூசையம்மாளை உட்காரவைத்திருந்தார்கள். யாரோ புத்தகம் எழுதியவர் காட்டு மரங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அரை நிமிஷம் கேட்டது, நின்றது. அடுத்த செட்டில் மறுபடி ஆரம்பித்தது. குரல் கீழே இறங்கும் இடத்தில் அந்தச் செட்டின் ஒலிபெருக்கி அதிர்ந்தது. சிவப்பு என்று செல்வமேரி தன்னையறியாமல் நினைத்தாள். அவள் கை குழந்தையின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒத்திக்கொண்டிருந்தது.

முனியம்மாளின் ரேகை தனக்கான கட்டத்தை நிறைத்துக் கோட்டைத் தாண்டியிருந்தது. லூர்தம்மாளின் ரேகை கட்டத்தின் ஒரு மூலையில் புளியங்கொட்டை அளவுக்கு விழுந்தது. நடேசன் அது காயும்வரை வாயால் ஊதினார். பிறகு பேனாவை எடுத்து, வேலையில் சேர்ந்த தேதி, செய்த வேலை, விலகும் காரணம் ஆகிய மூன்று கட்டங்களிலும் மேலே இருப்பதைப் பார்த்து 'மேற்படி' என்று எழுதினார். கவர்களைக் கொடுத்தார். பன்னிரண்டாவதற்குக் கவர் இல்லை.

கேட்டில் நாகப்பன் வெளியே போகிறவர்களைக் குறித்துக்கொண்டிருந்தார். குழந்தை நீலக் கட்டைவிரலை எதிலும் படாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தோள் வழியாக அவரிடம் சொன்னது:

"எம் பேரு ரேடியோல வந்துச்சே!"